ஐ.பி.எஸ் வயிற்றுக்காரர்களுக்கு: கிருஷ்ணகிரி களிக்கடை எப்படி?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது ருசிக்கு மார்க் போடுகிற விமர்சனம் இல்லை. ருசி நன்றாகவே இருக்கிறது, அதைச் சொல்ல ஊரில் ஆள் நிறைய உண்டு. ஐ.பி.எஸ் (IBS, Irritable Bowel Syndrome) என்கிற குடல் தொல்லையோடு இருப்பவர்கள் வெளியே சாப்பிடக் கிளம்பினால் பார்க்கிற கணக்கே வேறு. குழம்பில் என்ன விழுந்திருக்கிறது, கேட்டால் பதில் வருமா, அவசரம் என்றால் ஒதுங்க இடம் இருக்கிறதா, இவ்வளவுதான். அந்தக் கணக்கில் எழுதுகிறேன்.

கடை கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில். பெயர்ப்பலகை கிடையாது. தகரக் கூரை, சில பெஞ்சுகள், வாசலில் பெரிய குண்டான். மதியம் மட்டும்தான். ராகி களி, சாதம், கீரைக் கடைசல், கொள்ளு ரசம், நிலக்கடலைத் துவையல், நாட்டுக்கோழிக் குழம்பு, பருவத்தில் பிதுக்குப் பருப்புக் குழம்பு (தோல் பிதுக்கிய மொச்சை, அவரைக்கொட்டையில் வைப்பது). முட்டை கேட்டால் உடனே போட்டுத் தருவார்கள். நடத்துகிற அக்காதான் சமையலும்.

பட்டியலைப் பார்த்தால் எல்லாமே உடம்புக்கு நல்லது என்று தோன்றும். நல்லதுதான், ஆனால் நம் வயிற்றுக்கு இதில் பாதி ஆகாது. ஐ.பி.எஸ்ஸில் குடலில் புண் இருக்காது, கட்டி இருக்காது, கொலோனோஸ்கோப்பி (பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) சுத்தமாக வரும், ஆனாலும் வலியும் உப்புசமும் போக்கும் மலச்சிக்கலும் நிஜம். சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாத சில சர்க்கரை வகைகள் தண்ணீரை இழுத்துக்கொண்டு பெருங்குடலுக்குப் போகின்றன, அங்கே பாக்டீரியாக்கள் அவற்றை நொதிக்க வைத்து வாயுவாக்குகின்றன. எல்லோருக்கும் நடப்பதுதான் இது, நம் குடலுக்கு உணர்ச்சி கூடுதல் என்பதால் நமக்கு அது வலியாகத் தெரிகிறது. இந்த வகைகளுக்கு ஃபாட்மேப் (FODMAP) என்று பெயர். எந்த உணவில் எவ்வளவு இருக்கிறது என்று ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் உள்ள மோனாஷ் பல்கலைக்கழகத்தில் அளந்து வைத்திருக்கிறார்கள், கைபேசிச் செயலியும் உண்டு.

இதை வைத்துக் கடைக்குள் போவோம். களி பிரச்சினை இல்லை, எனக்கு ஒத்துக்கொள்கிறது, சப்பாத்தி புரோட்டாவை விட எவ்வளவோ மேல். கோதுமையில் ஃப்ரக்டான் என்கிற வகை இருக்கிறது, வெங்காயத்திலும் பூண்டிலும் அதே ஃப்ரக்டான்தான். ஆனால் இங்கே உருண்டை பெரிசு. வயிறு முட்டச் சாப்பிட்டாலே பெருங்குடல் வேகமாக அசைய ஆரம்பித்துவிடும், அதனால் பாதி உருண்டை கேளுங்கள், அக்கா தருவார், முகத்தைச் சுளிக்க மாட்டார். (மெல்லாமல் விழுங்குகிறவர்கள் பாணி எனக்கு வரவில்லை, நான் மென்றுதான் சாப்பிடுகிறேன், பக்கத்து பெஞ்சில் சிரிக்கிறார்கள், பரவாயில்லை.)

தொந்தரவு எல்லாம் களிக்குத் தொட்டுக்கொள்கிறதில்தான். கீரைக் கடைசலில் சின்ன வெங்காயமும் பூண்டும் சேர்த்தே கடைந்துவிடுகிறார்கள். பொறுக்கி எடுத்துவிட்டுச் சாப்பிடலாமே என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். பயன் இல்லை, ஃப்ரக்டான் தண்ணீரில் கரையும், குழம்பில் இருக்கிற வெங்காயத்தைத் தள்ளி வைத்தாலும் சாறு முழுக்க அது இறங்கியிருக்கும். எண்ணெயில் கரையாது. அதனால் வீட்டில் பூண்டை நல்லெண்ணெயில் மட்டும் வதக்கி, தண்ணீர் சேர்க்கும் முன் பூண்டை எடுத்துப் போட்டுவிட்டு அந்த எண்ணெயில் தாளித்தால் வாசனையும் கிடைக்கும், வயிறும் தப்பிக்கும். கடையில் இதெல்லாம் கேட்க முடியாது. ஒரு முறை பேச்சுவாக்கில் சொன்னேன், "பூண்டு போடாத குழம்பு எதுக்குத் தம்பி"ன்னு கேட்டுவிட்டு அடுத்த ஆளுக்குப் பரிமாறப் போய்விட்டார்.

கொள்ளு ரசம் இன்னும் சிக்கல். கொள்ளு, மொச்சை, அவரைக்கொட்டை, துவரை எல்லாவற்றிலும் இருக்கிற ஒரு வகைச் சர்க்கரையை உடைக்கும் நொதி மனிதக் குடலிலேயே கிடையாது. ஊறவைத்த தண்ணீரையும் வேகவைத்த தண்ணீரையும் கொட்டினால் கொஞ்சம் குறையும். இங்கே கொள்ளு வெந்த அந்தத் தண்ணீரில்தான் ரசமே வைக்கிறார்கள்! ஊரே சளிக்கு மருந்து என்று குடிக்கிறது, எனக்கு அன்று மாலை பேருந்தில் உட்கார முடியாது. பிதுக்குப் பருப்பு எவ்வளவு பிடிக்கும் என்று சொல்லவே வேண்டாம், தை மாதம் வந்தால் சும்மா பார்த்துக்கொண்டு இருக்கிறேன்.

எனக்கு இந்தக் கடை பிடிப்பதற்குக் காரணம் நிலக்கடலைத் துவையல். வறுத்த கடலை, காய்ந்த மிளகாய், புளி, உப்பு எல்லாம் முதலில் அரைத்து, பூண்டைக் கடைசியில்தான் வைத்து ஓட்டுவார். பதினொன்றரைக்கு முன் போய்ச் சொன்னால் பூண்டு விழும் முன்பே ஒரு கரண்டி தனியாக எடுத்து வைப்பார். நிலக்கடலை அளவாகச் சாப்பிட்டால் ஃபாட்மேப் கணக்கில் பாதுகாப்பானது. பாதி களி, அந்தத் துவையல், வெங்காயம் போடாத ஆம்லெட், அவ்வளவுதான் என் சாப்பாடு. காரம் தூக்கலாக இருக்கும், மிளகாய் சிலருக்கு வலியைக் கிளப்பும், "காரம் கம்மி அக்கா" என்றும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். கோழியில் ஃபாட்மேப் எதுவும் இல்லை, குழம்பில்தான் எல்லாம், எண்ணெயும் மிதக்கும். தவிர்த்துவிடுகிறேன்.

மா சீசனில் சாப்பாட்டோடு ஒரு துண்டு செந்தூரா வைப்பார். மாம்பழத்தில் குளுக்கோஸை விட ஃப்ரக்டோஸ் அதிகம், அதுதான் வில்லங்கம். கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு மாம்பழம் வேண்டாம் என்று சொன்னால் ஒருமாதிரி பார்க்கிறார்கள். ஒரு துண்டு எனக்குத் தாங்கும், இரண்டாவது தாங்காது.

இதே ஊரில் பைபாஸ் பக்கம் ஒரு சிறுதானிய உணவகம் உண்டு, ஏசி, சுவரெல்லாம் ஆரோக்கிய வாசகம். சாமை பிரியாணியில் என்ன போடுகிறீர்கள் என்று கேட்டால் "எல்லாம் ஆர்கானிக் சார்" என்று பதில் வருகிறது. ஆர்கானிக் பூண்டும் பூண்டுதானே? சர்க்கரை சேர்க்காத லட்டு என்று ஒன்று, டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் மால்டிட்டால் என்கிற இனிப்பூட்டி. பாலியால் (சர்க்கரை ஆல்கஹால்) வகை, அதுவும் ஃபாட்மேப்தான். களிக்கடை அக்காவுக்கு இந்தப் பெயர்கள் எதுவும் தெரியாது, ஆனால் எதில் என்ன போட்டேன் என்று நேராகச் சொல்வார். எனக்கு அது போதும்.

இதைப் படித்துவிட்டு வெங்காயம் பூண்டை ஒரேயடியாக விட்டுவிடாதீர்கள். 2 முதல் 6 வாரம் வரை குறைத்துப் பார்ப்பது, பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்து எது ஆகாது என்று கண்டுபிடிப்பது, ஆகாததை மட்டும் தவிர்ப்பது, முறை இதுதான். குடலில் இருக்கிற நல்ல பாக்டீரியாக்களுக்கும் வெங்காயம் பூண்டில் உள்ள அந்தச் சத்து வேண்டும். என் சகலைக்கும் ஐ.பி.எஸ்தான், கொள்ளு ரசத்தை டம்ளர் டம்ளராகக் குடிக்கிறார், பால் டீதான் அவருக்கு ஆகாது. மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் வயிற்றுப்போக்கு இருந்தால் சாப்பாட்டை மாற்றிக்கொண்டு நாளை ஓட்டாமல் டாக்டரைப் பாருங்கள். கோதுமையை நிறுத்தும் முன்பே சீலியாக் (கோதுமையில் உள்ள குளூட்டன் ஆகாத குடல் நோய்) ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், நிறுத்திவிட்டால் பரிசோதனை சரியாகக் காட்டாது.

குறை என்றால் கழிப்பறை இல்லை. பேருந்து நிலையத்துக் கட்டணக் கழிப்பிடம்தான் கதி, சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். ஐந்துக்கு நாலு கொடுப்பேன், போன ஒரு மதிப்பெண் இதற்காகத்தான். ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்புக்கு வரிசை நிற்கும், அன்றைக்கு எதையும் தனியாக எடுத்து வைக்கச் சொல்ல முடியாது, வேறு நாள் போங்கள்.