மஸ்ராங்கை விற்று எம்.ஜி. மிட்ஜெற் வாங்கி ஆறரை வருசம்

கார் வந்திறங்கிய அன்று எங்கள் ஒழுங்கையிலிருக்கிற ஓர் அம்மா படலையடிக்கு வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பார்த்துவிட்டு மெல்லக் கேட்டார்: “ஏன் தம்பி, கூரை போடக் காசு காணாமப் போச்சோ?”

அவரைக் குறை சொல்ல முடியாது. கனடாவிலிருந்து ஊரோடு வந்துவிட்டவன் பிராடோவோ பஜெரோவோ வாங்குவான் என்றுதான் யாழ்ப்பாணம் கொக்குவிலில் எல்லாரும் நினைத்திருந்தார்கள். வந்ததோ 1965ஆம் ஆண்டு எம்.ஜி. மிட்ஜெற், மார்க் 2. கூரை திறந்து ஓடுகிற சின்ன பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே பேர் இருக்கலாம். இரண்டாவது ஆள் மெலிந்தவராக இருந்தால் நல்லது.

ஸ்காபரோவில் மூன்று வருசம் என்னிடம் நின்றது 2015 போர்ட் மஸ்ராங். ஐந்து லீற்றர் வி-8, 435 குதிரைவலு. பின்பக்கம் இரண்டு சில்லும் தனித்தனியே அசையும் சஸ்பென்சன் எல்லா மஸ்ராங்குக்கும் கிடைத்த முதல் தலைமுறை அது. நல்ல கார், பொய் சொல்லமாட்டேன். குளிர்காலையில் ஸ்ராட் பண்ணும்போது வரும் அந்த உறுமல் இப்பவும் சில நாள் காதுக்குள் கேட்கும். ஆனால் கார்த்திகையில் கராஜுக்குள் போனால் சித்திரையில்தான் வெளியே வரும். வெளியே வந்தாலும் 401 நெடுஞ்சாலையில் முன்னுக்கு நிற்கிற லொறியின் வாலைப் பார்த்தபடி ஊருவதுதான். இரண்டாம் கியரிலேயே நூறைத் தாண்டும் காருக்கு அங்கே மூன்றாம் கியர் எதற்கு? எல்லை வேகத்துக்கு மேல் ஐம்பது போனால் அந்த இடத்திலேயே காரைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். சவாரி மாட்டைப் பிடித்து மரவள்ளிக்கிழங்கு ஏற்றச் சந்தைக்கு அனுப்பின மாதிரி. அந்த 435இல் நான் உண்மையில் செலவழித்தது நூறும் இராது. மிச்சத்துக்கு இன்சூரன்ஸ் மட்டும் கட்டினேன்.

2018இல் அதை விற்றேன். 2019 தையில், கொழும்பில் ஒருவர் வீட்டில் மூடிக்கிடந்த மிட்ஜெற்றை அந்தக் காசில் வாங்கினேன். என்ன விலை என்று இங்கே எழுத மாட்டேன். வீட்டில் சொன்ன கணக்கும் உண்மைக் கணக்கும் இன்னும் சந்திக்கவில்லை.

இது 1098 சி.சி., 59 குதிரைவலு. நிறை ஏறத்தாழ 700 கிலோ. ஒரு மஸ்ராங்கின் நிறையில் இரண்டு மிட்ஜெற் செய்து மிச்சமும் வரும். ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கோட்டையடியால் திரும்பிப் பண்ணைப் பாலத்தில் ஏறினால், இரண்டு பக்கமும் கடல், முகத்தில் சாதாளைமணம். கதவுக்கு மேலால் கையைத் தொங்கவிட்டால் விரல் தாரில் முட்டும், அவ்வளவு பதிவு. மைல்மானி நாற்பதைக் காட்டும்போது எஞ்சின் கத்துகிற கத்தில், பறக்கிறோம் என்ற நினைப்பு வரும். அந்த நேரம் ஒரு பல்சர் பெடியன் சும்மா ஒரு கையால் பிடித்தபடி என்னைக் கடந்து போவான். போகட்டும். நான் காலை முழுதாக மிதித்து ஓட்டுகிறேன், பொலிஸுக்கும் பயமில்லை. மஸ்ராங்கில் இது ஒரு நாள்கூடக் கிடைக்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் மலையில்லை, வளைந்து ஏறும் பாதையும் இல்லை. இப்படிப்பட்ட காரை இங்கே வைத்து என்ன செய்வாய் என்று ரொறன்ரோ நண்பர்கள் சிரித்தார்கள். அவர்கள் எங்கள் ஒழுங்கை முடக்குகளை மறந்துவிட்டார்கள். இரண்டு பக்கமும் மதில், நேர்செங்கோணத்தில் ஒரு முடக்கு, அது முடிய இன்னொன்று. ஸ்ரியறிங்கைக் கொஞ்சம் அசைத்தாலே மூக்கு திரும்பிவிடும். ஒரேயொரு தொல்லை, முதலாம் கியருக்கு சிங்குறோமெஷ், அதாவது ஓட்டத்திலேயே கியர் சத்தமில்லாமல் விழச் செய்கிற ஏற்பாடு, இல்லை. கார் முற்றாக நின்ற பிறகுதான் போடவேண்டும். அவசரப்பட்டால் அரைக்கிற சத்தத்துக்கு ஒழுங்கை நாய்கள் எல்லாம் எழும்பும்.

இனி முக்கியமான விசயம். இந்தக் காரை நான் துணிந்து வாங்கியதற்குக் காரணம் மொறிஸ் மைனர் என்ற பழைய பிரிட்டிஷ் கார். மிட்ஜெற்றின் எஞ்சின் ஏ-சீரிஸ். 1951இல் ஒஸ்ரின் ஏ30இல் வந்த குடும்பம் அது. ஒஸ்ரினும் மொறிஸும் 1952இல் ஒன்றான பிறகு மைனருக்கும் அதையே போட்டார்கள். பிந்திய மைனர்களில் இருக்கிறதும் இதே 1098தான், மிட்ஜெற்றில் பெற்றோலையும் காற்றையும் கலக்கிற எஸ்.யூ. காபரேற்றர் இரண்டு, அதுதான் பெரிய வித்தியாசம். ஸ்ரியறிங் றாக்கும் மைனர் வழி வந்ததுதான். அப்போ யாழ்ப்பாணத்தில் இதற்கு வைத்தியம் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமா? சண்டைக்காலத்தில் பெற்றோல் இல்லாதபோது, சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் மொறிஸும் ஒஸ்ரினும் ஓட்டிய ஊர் இது.

நான் காட்டுகிற மெக்கானிக் ஐயாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. முதல்நாள் பொனற்றைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “உது எங்கட மைனர்தான். வெளிக்கிட்டுக் கலியாண வீட்டுக்கு நிக்குது.” இந்தக் காருக்கு கிளச் மாற்றவேண்டுமென்றால் எஞ்சினையே வெளியே தூக்கவேண்டும். 2021இல் அந்த வேலை வந்தது. தன் வளவு வேம்பின் கிளையில் சங்கிலிக் கப்பியைக் கொழுவி, கிளைக்குச் சாக்குச் சுற்றி, பேரனைச் சங்கிலியில் விட்டு எஞ்சினை மேலே எடுத்தார். அது காற்றில் தொங்கிக்கொண்டிருக்க, அவர் பிளேன்ரீ குடித்தார். எனக்குத்தான் தொண்டைக்குள் ஒன்றும் இறங்கவில்லை.

அவரிடம் மட்டும் போயிருந்தால் ஒரு நட்டத்தைத் தவிர்த்திருக்கலாம். ஒருமுறை அவருக்குச் சுகமில்லாத நேரம், பற்றரி மாற்ற வேறொரு கராஜில் விட்டேன். அந்தக் கால மிட்ஜெற்றில் பற்றரியின் பொசிற்றிவ் முனையைத்தான் கார் உடம்போடு கொழுவவேண்டும். அங்கே நின்ற பெடியன், “இல்லையண்ணை, எல்லாக் காருக்கும் நெகற்றிவ்தான்” என்று தலைகீழாகக் கொழுவிவிட்டான். கார் ஓடியது. தேடித் தேடி வாங்கிப் பூட்டிய பழைய றேடியோ மட்டும் மணத்தோடு போய்ச் சேர்ந்தது. இப்போது பற்றரி மூடியில் சிவப்புப் பெயின்றால் எழுதி வைத்திருக்கிறேன்.

சூட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். கியர்பெட்டி மேடு இடக்காலை ஒட்டியிருப்பதால் சித்திரையில் அந்தக் கால் அவியும். வெயிலில் கூரை திறந்து ஓடுவதெல்லாம் படத்தில்தான். இங்கே காலை எட்டுக்கு முன், பின்னேரம் ஐந்துக்குப் பின், அவ்வளவுதான். மற்ற நேரம் பனையோலைத் தொப்பி போடவேண்டும், அது பண்ணைக் காற்றுக்கு நிற்காது. இரண்டு தொப்பி கடலுக்குக் கொடுத்தாயிற்று.

2022இல்தான் வீட்டிலும் இந்தக் காருக்கு மரியாதை வந்தது. பெற்றோல் வரிசையில் ஆட்கள் எஞ்சினை நிற்பாட்டிக் காரைத் தள்ளிக்கொண்டு போன காலம். வானைத் தள்ள நான்கு பேர் தேடினார்கள். நான் கதவைத் திறந்து, ஒரு கை ஸ்ரியறிங்கில், ஒரு கை தூணில், தனி ஆளாகத் தள்ளினேன். பிறகு பெற்றோலைப் பங்கிடக் கியூ.ஆர். முறை வந்து காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்றார்கள். எனது தாங்கியே 27 லீற்றர்தான், லீற்றருக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று கிலோமீற்றர் ஓடும். எங்களுக்குக் காணும்.

இரவில் ஓட்டப் பயம். உண்மையாகவே பயம். முன் விளக்கு, விளக்கீட்டுக்கு வைக்கிற சுட்டி மாதிரி. பஸ்ஸுக்குப் பக்கத்தில் நின்றால் என் தலை அதன் ரயர் மட்டத்தில். சாரதிக்கு நான் தெரியவே மாட்டேன். ஏ9 வீதியில் மாடு படுத்திருந்தால் யாருக்கு முதலில் தெரியும் என்பது அதிர்ஷ்டம். சீற் பெல்ற் நான் போடுவித்தது, எயர்பாக் கிடையாது. ஆனபடியால் ஆனையிறவுக்கு அப்பால் இதை நான் கொண்டுபோவதில்லை. கொழும்புக்கு ரயில்.

சாமான் விசயம் நினைத்த அளவு மோசமில்லை. திருநெல்வேலிச் சந்தையிலிருந்து ஒரு கிழமை மரக்கறி டிக்கிக்குள் அடங்கும். கறுத்தக்கொழும்பான் மாம்பழப் பெட்டி என்றால் பக்கத்து இருக்கையில். அன்றைக்கு மனைவி ஓட்டோவில் வருவார்.

பராமரிப்பு என்று பார்த்தால், ஆயிரம் மைலுக்கு ஒருமுறை முன்சில்லு திரும்புகிற முளைக்கு, அதாவது கிங்பின்னுக்கு, கிறீஸ் அடிக்கவேண்டும். அதை நானே ஞாயிறு மத்தியானம் பாயைப் போட்டுக் கீழே படுத்துச் செய்கிறேன். மஸ்ராங்கில் நான் கைபோட்டுச் செய்த ஒரே வேலை கண்ணாடி கழுவுகிற தண்ணி ஊற்றியது.

மஸ்ராங்கை வாங்கிய பெடியன் ஒவ்வொரு சித்திரையும் முதல் ஸ்ராட்டை வீடியோ எடுத்து அனுப்புவான். முதல் வருசம் பார்க்க நெஞ்சுக்குள் ஏதோ செய்தது. இந்த வருசம் சத்தத்தைக் கூட்டிவைத்து இரண்டு தரம் கேட்டுவிட்டு, காபரேற்றர் இரண்டையும் சமன் செய்யப் போய்விட்டேன்.

இப்போதைக்கு ஒரு பிரச்சினைதான். மேல் கன்வஸ் கூரை தையல் விட்டுப்போய், போன மாரியில் மடியில் தண்ணி நின்றது. ஓட்டோவுக்கு ஹுட் தைக்கிற ஒருவரிடம் கொடுத்து இரண்டு மாதம். அளவு பார்த்துவிட்டு, “உது குழந்தைப்பிள்ளைச் சட்டையெல்லோ” என்றார். ஐப்பசிக்குள் வேண்டும் என்று நேற்றும் போய்க் கேட்டேன். நாளைக்கு வரட்டாம்.