வசனமும் தம்பூராவும்: குறைந்த விலை ஏவி ரிசீவரா, சவுண்ட்பாரா, ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரா?

பெரிய திரைத் தொலைக்காட்சி வாங்கிய வீடுகளில் சில வாரங்களுக்குள்ளாகவே எழும் குறை, படம் பளிச்சென்று தெரிகிறது, ஆனால் பேசுவது புரியவில்லை என்பதுதான். தட்டையான தொலைக்காட்சியில் ஸ்பீக்கருக்குக் கிடைப்பது விரற்கடை இடம். அதுவும் பெரும்பாலும் கீழ்நோக்கியோ சுவரை நோக்கியோ இருக்கிறது. வசனத்திற்காக ஒலியைக் கூட்டினால் அடுத்து வரும் சண்டைக் காட்சியில் உறங்கும் குழந்தை விழித்துக்கொள்கிறது. அதே ஹாலில் விடியற்காலையில் ஒரு கச்சேரிப் பதிவைக் கேட்க உட்கார்ந்தால், தம்பூராவின் ரீங்காரமும் மிருதங்கத்தின் தொப்பியும் இருக்கும் இடம் தெரியவில்லை. இரவுத் திரைப்படத்திற்கும் காலை இசைக்கும் சேர்த்து ஒரே முறை செலவிட நினைப்பவர் முன் இன்று மூன்று வழிகள் இருக்கின்றன: தொலைக்காட்சியின் கீழே வைக்கும் நீளமான ஒற்றை ஸ்பீக்கர் பெட்டியாகிய சவுண்ட்பார், இடது வலது ஸ்பீக்கர்களை மட்டும் இயக்கும் இரண்டு சேனல் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர், ஐந்து ஸ்பீக்கர்களோடு அடித்தொனிக்கான சப்வூஃபரையும் இணைத்துப் படத்தையும் ஒலியையும் கையாளும் தொடக்க நிலை 5.1 ஏவி ரிசீவர்.

நான்காவதாக ஒரு வழியும் உண்டு. ஐந்து சிறிய ஸ்பீக்கர்களையும் ஒரு வூஃபரையும் ஒரே அட்டைப் பெட்டியில் வைத்து விற்கும் தொகுப்பு அது. பல ஆண்டுகளுக்கு முன் நானும் அப்படி ஒன்றை வாங்கினேன். அட்டையில் பல ஆயிரம் வாட் பி.எம்.பி.ஓ. என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். பி.எம்.பி.ஓ. என்பதற்குப் பொதுவான அளவீட்டு முறை எதுவும் இல்லை, தயாரிப்பாளர் விரும்பிய எண்ணை எழுதிக்கொள்ளலாம் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அடித்தொனி மட்டும் ஒரே சுருதியில் முழங்க, பாடகரின் குரல் அதன் அடியில் அமுங்கிப் போனது. பின்பக்க ஸ்பீக்கர் ஒன்று கெட்டபோது, அதன் இணைப்பு அந்தத் தொகுப்பிற்கென்றே செய்யப்பட்டதாக இருந்ததால், வேறு ஸ்பீக்கரை அந்த இடத்தில் வைக்க முடியவில்லை. அந்த அனுபவத்திற்குப் பின் நான் கருவிகளிடம் கேட்கும் முதல் கேள்வி, ஓர் உறுப்பு கெட்டால் அதை மட்டும் மாற்ற முடியுமா என்பதே.

அந்தக் கேள்விக்குச் சவுண்ட்பார் தரும் பதில் பெரும்பாலும் இல்லை என்பதுதான். ஆம்ப்ளிஃபயர், ஒலியைப் பிரித்தறியும் சில்லு, ஸ்பீக்கர்கள் எல்லாம் ஒரே உறைக்குள் இருக்கின்றன. ஆயினும் அதைக் குறைத்து மதிப்பிட நான் விரும்பவில்லை. வாடகை வீட்டில் குடியிருப்பவர், சுவரில் ஓர் ஆணி கூட அடிக்க உரிமையாளரின் ஒப்புதல் வேண்டியவர், ஹாலின் குறுக்கே வயர் ஓடினால் பெரியவர்கள் இடறி விழுவார்களே என்று அஞ்சுபவர் ஆகியோருக்கு, நடுவில் வசனத்திற்கென்று தனிச் சேனல் உள்ள நல்ல சவுண்ட்பார் பொருத்தமான தேர்வு. இசையில்தான் அதன் எல்லை வெளிப்படுகிறது. இடது, வலது ஒலிகள் புறப்படும் இடங்களுக்கு இடையே ஒரு மீட்டர் அளவே தூரம் இருக்கும்போது, பத்தடி தள்ளி அமர்ந்திருப்பவர் வயலினும் மிருதங்கமும் பாடகரின் இருபுறமும் விரிந்து அமர்ந்திருப்பதைக் கேட்க முடியாது. ஒலியைச் செயற்கையாக அகலப்படுத்தும் வசதிகள் திரைப்படத்தில் ஓரளவு உதவுகின்றன. ஆனால் குரலின் இயல்பை மாற்றிவிடுவதால் பாட்டிற்கு அவற்றை அணைத்து வைப்பதே நல்லது.

ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் இதற்கு நேர் எதிரானது. செலவிடும் பணம் முழுவதும் இரண்டு சேனல்களுக்கும் ஒரு மின்மாற்றிக்கும் போவதால், அதே விலையில் இசையைப் பொறுத்தவரை அதுவே முதலிடம் பெறும். நம் வீடுகளில் கேட்கப்படும் கச்சேரிப் பதிவுகளும் திரைப்பாடல்களும் பெரும்பாலும் இரண்டு சேனலில் கலக்கப்பட்டவைதாம். இசை மட்டுமே கேட்பவர் இதற்கு மேல் படிக்க வேண்டியதில்லை. ஒரு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரும் ஒரு ஜோடி நல்ல ஸ்பீக்கரும் வாங்கிக்கொள்ளலாம். திரைப்படம் சேரும்போதுதான் கணக்கு மாறுகிறது. 5.1 ஒலித்தடத்தில் வசனத்தின் பெரும்பகுதி நடுச் சேனலில் வைக்கப்படுகிறது. இரண்டே ஸ்பீக்கர் இருந்தால் அந்த வசனம் இரண்டிலும் சமமாகப் பிரிக்கப்பட்டு, சரியாக நடுவில் அமர்ந்திருப்பவருக்கு மட்டும் திரையிலிருந்து வருவது போலக் கேட்கும். சோபாவின் ஓரத்தில் அமர்ந்திருப்பவருக்கு அது பக்கத்து ஸ்பீக்கரின் மீது சாய்ந்துவிடும். நால்வர் சேர்ந்து படம் பார்க்கும் வீட்டில் மூவருக்கு அந்தக் குறை இருக்கும். தவிரவும், வசனத்தை மட்டும் சற்று உயர்த்தும் வசதி, நடுச் சேனலுக்குத் தனி ஸ்பீக்கர் உள்ள அமைப்பில்தான் உண்மையாகக் கிடைக்கிறது.

ஆகவே இரண்டு தேவையும் சம அளவில் உள்ள வீட்டிற்கு என் தேர்வு தொடக்க நிலை ரிசீவர். இதற்கு எடுத்துக்காட்டாக 2018-இல் வெளிவந்த இரண்டு மாடல்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம்: சோனி எஸ்டிஆர்-டிஎச்590, யமஹா ஆர்எக்ஸ்-வி385. இரண்டிலும் நான்கு எச்டிஎம்ஐ உள்ளீடுகள், ஒரு வெளியீடு, புளூடூத், எஃப்எம் வானொலி, 4கே எச்டிஆர் படத்தைக் கடத்தும் திறன், தொலைக்காட்சியின் ஒலியை அதே எச்டிஎம்ஐ வயர் வழியே ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் ஏஆர்சி, ஸ்பீக்கர்களைத் தானே அளந்து சரிசெய்யும் மைக் ஆகியவை உண்டு. இரண்டிலும் வைஃபை இல்லை, தலைக்கு மேலிருந்தும் ஒலி வரச் செய்யும் டால்பி அட்மாஸ் இல்லை, கிராமபோன் தட்டிற்கான உள்ளீடும் இல்லை.

வாங்குபவர்களைப் பெரிதும் குழப்புவது வாட் கணக்கு என்பதால், அதைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். சோனியின் விளம்பரத்தில் முன்னால் நிற்கும் எண் 145 வாட். அது 6 ஓம் சுமையில், 1 கிலோஹெர்ட்ஸ் என்னும் ஒற்றை அலைவெண்ணில், ஒலி மூலத்திலிருந்து 0.9 சதவீதம் திரிவதை அனுமதித்து அளந்தது. அதே சோனி, 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, 0.09 சதவீதத் திரிபில் தரும் எண் 90 வாட். அதே கடுமையான அளவுகோலில் யமஹாவின் எண் 70 வாட். அளவுகோலைக் கவனிக்காமல் 145-ஐயும் 70-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர், ஒன்று மற்றொன்றைவிட இரு மடங்கு வலியது என்று முடிவு செய்துவிடுவார். 90-க்கும் 70-க்கும் இடையே உள்ள உண்மையான வேறுபாடு ஒலியளவில் ஏறத்தாழ 1 டெசிபல். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது அதைக் காதால் பிரித்தறிவது கடினம். வாட் இரட்டிப்பானால் கூடுவது 3 டெசிபல்தான். கேட்பவருக்கு ஒலி இரு மடங்காகத் தோன்ற வேண்டுமானால் ஏறத்தாழ 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட் வேண்டும்.

இதனோடு ஸ்பீக்கரின் உணர்திறனைச் சேர்த்துப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் 87 டெசிபல் தரும் சாதாரண ஸ்பீக்கரை எடுத்துக்கொள்வோம். 3 மீட்டர் தள்ளி அமர்ந்தால் திறந்த வெளிக் கணக்கில் சுமார் 9.5 டெசிபல் குறையும். மூடிய அறையில் சுவர்கள் அதில் ஒரு பங்கைத் திருப்பித் தரும். அப்படியானால் வெறும் 1 வாட்டிலேயே உட்காரும் இடத்தில் 77 டெசிபலுக்கு மேல் கிடைக்கிறது. இயல்பான பேச்சு சுமார் 60 டெசிபல்தான். மீதமுள்ள வாட்கள் எல்லாம் வெடிச் சத்தத்தின் கண நேர உச்சத்திற்காகக் காத்திருப்பவை. இன்னொன்று: 87-க்குப் பதிலாக 90 டெசிபல் உணர்திறன் உள்ள ஸ்பீக்கரை வாங்குவது, ரிசீவரின் வாட்டை இரட்டிப்பாக்குவதற்குச் சமம். இதனால்தான் நான் கேட்பவர்களிடமெல்லாம், ரிசீவரில் மிச்சம் பிடித்து ஸ்பீக்கரில் போடுங்கள் என்று மன்றாடாத குறையாகச் சொல்கிறேன். ஐந்து சேனல்களும் ஒருங்கே உழைக்கும்போது ஒரே மின்வழங்கியைப் பங்கிட்டுக்கொள்வதால், ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது அட்டையில் உள்ள எண்ணைவிடக் குறைவு என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

ஆகவே ஒலிவலிமையை வைத்து இந்த இரண்டில் ஒன்றைத் தேர்வதில் பொருளில்லை; வசதிகளை வைத்தே தேர வேண்டும். சோனியில் சப்வூஃபருக்கு இரண்டு வெளியீடுகள் உண்டு. நீளமான ஹாலில் ஒரு சப்வூஃபர் ஓரிடத்தில் முழங்கி இன்னோரிடத்தில் காணாமற் போகும். இரண்டை எதிரெதிர்ச் சுவர்களில் வைத்தால் அந்த ஏற்றத்தாழ்வு தணியும். அத்தகைய பெரிய ஹால் உள்ளவருக்குச் சோனியே பொருத்தம். என் வீட்டில் இருப்பது யமஹா. அதன் முகப்பிலும் ரிமோட்டிலும் உள்ள சீன் பொத்தான்களில் ஒன்றை அழுத்தினால், கருவி விழித்து, உரிய உள்ளீட்டையும் ஒலி முறையையும் தானே தேர்ந்துகொள்கிறது. என் தாயார் யாருடைய உதவியும் இல்லாமல் காலையில் பாட்டுக் கேட்கிறார் என்றால் அதற்கு அந்தப் பொத்தான்தான் காரணம். ஒலியைத் தாழ்த்தி வைத்துப் படம் பார்க்கும்போது உரத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் உள்ள இடைவெளியைக் குறைத்துத் தரும் வசதியும் அதில் உண்டு. இரவு பத்து மணிக்கு மேல் அதை நான் அணைப்பதே இல்லை. மண்டபம், அரங்கம் என்று எதிரொலி சேர்க்கும் அதன் முறைகளை மட்டும் இசைக்குத் தொடுவதில்லை. டைரக்ட் முறையில் வைத்தால், பதிவில் உள்ளது உள்ளபடி வருகிறது. சோனியில் அதற்கு இணையானது ப்யூர் டைரக்ட்.

அட்மாஸ் இல்லையே என்று தயங்குபவர்களுக்கு ஒரு சொல். ஓடிடி தளங்களிலிருந்து வரும் அட்மாஸ் ஒலி, டால்பி டிஜிட்டல் பிளஸ் என்னும் தடத்தின் மேல் ஏற்றி அனுப்பப்படுகிறது, 5.1 ரிசீவர் அந்த அடித்தடத்தை எடுத்து ஐந்து ஸ்பீக்கரிலும் முறையாக ஒலிக்கச் செய்யும். உத்தரத்தில் ஸ்பீக்கர் பதிக்கும் எண்ணம் இல்லாத வீட்டில் இதனால் பெரிய இழப்பில்லை. அதைவிட அடிக்கடி நேரும் இழப்பு வேறிடத்தில் இருக்கிறது: தொலைக்காட்சியின் ஒலி அமைப்பு பிசிஎம் என்று இருந்தால் ஏஆர்சி வழியே இரண்டு சேனல்தான் வரும், அதைப் பிட்ஸ்ட்ரீம் அல்லது பாஸ்-த்ரூ என்று மாற்றினால்தான் 5.1 வந்து சேரும். ஐந்து ஸ்பீக்கரையும் பொருத்திவிட்டுப் பின்னால் சத்தமே வரவில்லை என்று வருந்துபவர்களில் பலருக்குக் கோளாறு இந்த ஓர் அமைப்பில்தான் இருக்கும். ப்ளூ-ரே தட்டுகளின் இழப்பற்ற ஒலி ஏஆர்சி வழியே வராது என்பதால், அந்தக் கருவியை நேராக ரிசீவரின் எச்டிஎம்ஐ உள்ளீட்டில் செருக வேண்டும். நொடிக்கு 120 பிரேம் 4கே விளையாட்டை இந்த ரிசீவர்கள் கடத்தா. கேம் கன்சோலைத் தொலைக்காட்சியில் இணைத்து ஒலியை மட்டும் ஏஆர்சியில் கொண்டுவர வேண்டும்.

ரிசீவரின் உண்மையான அனுகூலம், பணத்தைத் தவணையாகச் செலவிடலாம் என்பது. முதல் மாதத்தில் இரண்டு நல்ல முன்பக்க ஸ்பீக்கர்கள் போதும். இசை அன்றே சரியாகிவிடும். அடுத்து, அதே தயாரிப்பாளரின் அதே வரிசையைச் சேர்ந்த சென்டர் ஸ்பீக்கர், ஏனெனில் திரையின் இடமிருந்து வலம் நகரும் குரலின் நிறம் நடுவில் மாறக் கூடாது. பிறகு சப்வூஃபர், கடைசியாகப் பின் ஸ்பீக்கர்கள். பலர் இந்த வரிசையைத் தலைகீழாக்கி முதலில் சப்வூஃபரை வாங்குகிறார்கள். அதனால் மலிவுத் தொகுப்பின் அதே முழக்கமே திரும்ப வருகிறது. மைக் வைத்து அளந்த பின், முன் ஸ்பீக்கர்களைக் கருவி பெரியவை என்று குறித்திருந்தால் சிறியவை என்று மாற்றி, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள அடித்தொனியைச் சப்வூஃபருக்கு அனுப்புங்கள். எந்தத் தானியங்கிச் சரிசெய்தலும் டைல்ஸ் தரையின் எதிரொலியைப் போக்காது. ஒரு கனமான ஜமுக்காளமும் கண்ணாடிச் சன்னலுக்குத் தடித்த திரையும் அதைத் தணிக்கும்.

ரிசீவரை வாங்குவதிலும் வைப்பதிலும் சில கவனங்கள் வேண்டும். ஏழு கிலோவுக்கு மேல் எடையுள்ள இந்தப் பெட்டிகள் சூடாகும். மூடிய ஷோகேஸ் அறைக்குள் வைக்காமல் மேலே காற்றோட்டத்திற்கு இடம் விட வேண்டும். சதுர அலை இன்வெர்ட்டரில் ஓடினால் மின்மாற்றி இரைச்சலிடக்கூடும். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் ரிசீவர் 120 வோல்ட்டுக்குரியது. நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் அன்றே பழுதாகும். பழைய கருவியாக வாங்குபவர் பின்புறச் சீட்டில் வோல்ட்டேஜைப் படித்துவிட்டு, நான்கு எச்டிஎம்ஐ உள்ளீடுகளையும் ஒவ்வொன்றாக இணைத்துப் பார்க்க வேண்டும். அத்துடன் அளவிடும் மைக் பெட்டியில் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். அந்த மைக் அந்தந்தக் கருவிக்கென்று அளவு செய்யப்பட்டது. கைக்குக் கிடைக்கும் வேறு மைக்கைச் செருகி அந்த வேலையைச் செய்ய முடியாது.