கன்னியா வீதிக் கராஜும் என் மூன்றாம் சிலிண்டரும்

என்னுடையது 2002ஆம் ஆண்டு ஜெர்மன் கார். 1.8 லீற்றர் டர்போ, மெனுவல் கியர். ஏழு மாதமாக மிஸ் அடித்தது, அதாவது ஒரு சிலிண்டரில் பெற்றோல் சரியாக எரியாமல் இஞ்சின் வெட்டியது. எந்நேரமும் அடித்திருந்தால் எப்போதோ பிடித்திருப்பார்கள். உப்புவெளியிலிருந்து திருமலை டவுனுக்குப் போய்வந்தால் ஒன்றும் இராது. கந்தளாய்ப் பக்கம் ஒரு லொறியை முந்த மூன்றாம் கியரில் மிதித்தால், டர்போ இழுக்கத் தொடங்கும் 2,500 சுற்றில் நாலைந்து தரம் வெட்டும், இஞ்சின் லைட் மின்னும். அது மின்ன மின்ன ஓடினால், எரியாத பெற்றோல், புகையைச் சுத்தமாக்கும் கற்றலிற்றிக் கொன்வேட்டருக்குள் போய் எரிந்து அதையும் கெடுத்துவிடும். ஹபறணைக் காட்டுக்குள், பிள்ளைகளை வைத்துக்கொண்டு, இருட்டில் இப்படி வெட்டினால் மனுசனுக்கு எப்படி இருக்கும்!

முன்பு போன ஒரு கராஜில் ஸ்கேன் போட்டார்கள். வந்த பழுதுக் குறியீடு பி0303, அதாவது மூன்றாம் சிலிண்டர் மிஸ். உடனே நாலு பிளக்கும், அவற்றுக்கு மின்சாரம் கொடுக்கும் நாலு கொயிலும் புதிதாகப் போட்டார்கள். இரண்டு வாரம் நன்றாக ஓடிப் பழையபடி வந்தது. இன்னோர் இடத்தில் பெற்றோல் பீச்சும் இன்ஜெக்டர் கழுவினார்கள். காசு போனதுதான் மிச்சம்.

கன்னியா வீதியில் இருக்கும் இந்தக் கராஜுக்கு ஒரு நண்பர்தான் அனுப்பினார். தகரக் கூரை, இரண்டு வாகனம் நிற்கும் இடம், அவ்வளவுதான். பொனட்டைத் திறக்க முதலே பாஸ் கேள்விதான் கேட்டார். “தம்பி, எப்ப வெட்டுது? சூடான பிறகோ, குளிரிலயோ? மழைக்குக் கூடுதோ?” பிறகு ஸ்கேனரைக் கொழுவி, என்னை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் ஏறினார். அது வெட்டும்வரை கந்தளாய் வீதியில் முக்கால் மணி நேரம் ஓடினோம். ஸ்கேனரில் ஒவ்வொரு சிலிண்டரின் மிஸ் கணக்கும் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றில் மட்டும் ஏறியது.

திரும்பி வந்து மூன்றாம் கொயிலை முதலாம் சிலிண்டரில் போட்டார். கொயில் பழுது என்றால் மிஸ்ஸும் முதலாவதுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. பிளக்கை மாற்றிப் போட்டார், அப்போதும் மூன்றிலேயே நின்றது. கொம்பிரஷன், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம் பார்த்தார், நாலும் ஏறத்தாழ ஒரே அளவு. காற்றுக் கசிவு தேடிப் புகை விட்டுப் பார்த்ததில் வக்யூம் ஓஸ் என்ற ஒரு சின்னக் காற்றுக் குழாயில் வெடிப்பு தெரிந்தது. வேறொருவராக இருந்தால் அதையே காரணம் என்று சொல்லிக் காசை வாங்கியிருப்பார். இவர், “இது ஐடிலுக்குத்தான் தொந்தரவு குடுக்கும். உங்கட பிரச்சினை இது இல்ல” என்றார். அந்த ஒரு சொல்லுக்காகவே இதை எழுதுகிறேன்.

கடைசியில் இஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, கொயிலுக்குப் போகும் வயர்க் கட்டை விரலால் மெல்ல ஆட்டினார். ஓரிடத்தில் இஞ்சின் குலுங்கியது. டேப்பைப் பிரித்தால், மூன்றாம் கொயில் வயரின் உறை இருபது வருடச் சூட்டில் பிஸ்கட் போல் நொறுங்கியிருக்கிறது. உள்ளே செம்பு பச்சை பிடித்து, ஒன்றிரண்டு இழையில் தொங்குகிறது. டர்போவின் பூஸ்ட் ஏறும்போது இஞ்சின் மவுண்டில் சாய்ந்து அந்த வயரை இழுக்கிறது, தொடுப்பு விடுகிறது. சும்மா நிற்கும்போது எப்படித் தெரியும்? கடல்காற்றும் சேர்ந்திருக்கும் என்றார் பாஸ். உப்புவெளியில் வாகனம் வைத்திருப்பவர்கள் வயர் முனைக் கொழுவிகளைக் கழற்றி ஒருமுறை பாருங்கள்.

நாலு கொயிலுக்கும் புது வயரும் கொழுவியும் வைத்து ஈயம் பற்றி, சூடு தாங்கும் உறை போட்டுக் கட்டினார். கொழுவிகள் கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து வர மூன்று நாள். கூலியும் சாமானும் சேர்த்து, நான் கொயிலுக்குக் கொடுத்த காசில் கால்வாசிகூட வரவில்லை.

குறையும் உண்டு. சொன்ன நேரத்துக்கு வேலை முடியாது, ஒருநாள் பின்னேரம் முழுக்கக் காத்திருந்தேன். பில் எழுதித் தருவதில்லை, கேட்டு வாங்க வேண்டும். அவசரக்காரருக்கு இந்த இடம் சரிவராது. ஆனால் விட்டு விட்டு வரும் பழுதென்றால் நான் வேறெங்கும் போகமாட்டேன். போகும்போது எந்தக் கியரில், எத்தனை சுற்றில், எவ்வளவு நேரம் ஓடிய பிறகு வந்தது என்று எழுதிக்கொண்டு போங்கள். அவர் முதலில் கேட்பது அதைத்தான்.

அதன் பிறகு கொழும்புக்கு இரண்டு முறை போய்வந்துவிட்டேன். ஒருதரமும் வெட்டவில்லை. அந்த ஓஸ் மட்டும் இன்னும் வர வேண்டும்.