சின்னத்திரை முகம் ஜனாதிபதிக் கதிரையைப் பிடிக்குமா?

கொழும்பு வெள்ளவத்தையில் நான் வழக்கமாகப் போகும் சலூனில் ஒரு டிவி எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். போன மாதம் ஒரு சனிக்கிழமை, வரிசையில் காத்திருந்த தம்பி ஒருவர் அந்த டிவியைக் காட்டிக் கதையைத் தொடங்கினார். "ட்ரம்ப் யாரு? டிவிக்காரன். செலன்ஸ்கி யாரு? டிவிக்காரன். இங்கயும் ஒருத்தனை இறக்கிவிட்டா அள்ளிக்கொண்டு போவான் அண்ணே." முதலாளி கத்தரியை நிறுத்தாமலே கேட்டார்: "எந்த டிவிக்காரன்? நம்ம டிவியா, அவங்க டிவியா?"

தம்பியிடம் பதில் இல்லை. எனக்கு அந்தக் கேள்வி வீடுவரை வந்தது. உலகத்தில் டிவி முகங்கள் ஜனாதிபதியான கதைகளையும் இலங்கையின் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

முதலில் ஒன்று. டிவிக்காரர் என்று எல்லோரையும் ஒரே சாக்கில் போட முடியாது. நிகழ்ச்சி நடத்துகிறவர் வேறு, நாடகத்தில் நடிக்கிறவர் வேறு, சனலுக்கே சொந்தக்காரர் வேறு.

நிகழ்ச்சி நடத்துகிறவருக்கு ட்ரம்ப்தான் உதாரணம். 2004 முதல் பத்து ஆண்டுகளுக்கு மேல் 'த அப்ரெண்டிஸ்' என்ற டிவி நிகழ்ச்சியில் ஒரு பெரிய மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து ஆட்களை வேலையிலிருந்து தூக்கினார். 'முடிவெடுக்கிற முதலாளி' என்ற படம் மக்கள் மனதில் ஒட்டிக்கொண்டது. ஆனால் 2016இல் அவர் வென்றது டிவியால் மட்டுமா? அமெரிக்காவில் கட்சி வேட்பாளரைக் கட்சிக்காரர்களே வாக்களித்துத் தெரிவு செய்கிறார்கள். அந்த வாசல் வழியாக உள்ளே போய், 150 ஆண்டுகளுக்கு மேல் பழைய குடியரசுக் கட்சியை அப்படியே கைப்பற்றினார். இங்கே அப்படி ஒரு வாசலே கிடையாது. வேட்பாளர் யார் என்பதைத் தலைவரும் மத்திய குழுவும் தீர்மானிப்பார்கள், பெரும்பாலும் தலைவரே வேட்பாளர்.

இதே வகையில் அதிகம் பேசப்படாத ஒருவர் ஹொண்டுராஸ் நாட்டின் சல்வடோர் நஸ்ரல்லா. பல பத்தாண்டுகள் விளையாட்டு நிகழ்ச்சி நடத்தியவர், நாட்டில் அவரைத் தெரியாத வீடு இல்லை. சொந்தக் கட்சி தொடங்கி 2013இல் போட்டியிட்டார், நான்காம் இடம். 2017இல் வேறு கட்சிகளோடு கூட்டணி வைத்தார், இரண்டு வீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் தோற்றதாக அறிவித்தார்கள், அந்த முடிவின் மேலே பெரிய தகராறும் நடந்தது. இரண்டு முறையும் முகம் அதே முகம். மாறியது பின்னால் நின்ற கட்சிகள்.

நடிகர் வகைக்குப் போனால் உக்ரைனின் செலன்ஸ்கியை யாரும் தாண்ட முடியாது. 2015இல் தொடங்கிய தொடரில் சாதாரண ஆசிரியர் ஒருவர் ஊழலைத் திட்டித் தீர்க்கிறார், அது வீடியோவாகப் பரவி அவரை ஜனாதிபதியாக்குகிறது. அந்த ஆசிரியராக நடித்தவர் 2018 டிசம்பர் 31 இரவு டிவியில் தோன்றி, தேர்தலில் நிற்கப்போவதாக அறிவித்தார். நாடகத்தின் பெயரே கட்சியின் பெயர். 2019 ஏப்ரலில் இரண்டாம் சுற்றில் 73 வீதம். நாடகத்தில் இருந்தவரையே மக்கள் தேர்ந்தெடுத்தார்கள் என்றுகூடச் சொல்லலாம்.

அவருக்கு வாய்த்த ஒன்று நமக்கு வாய்க்காது. அந்தத் தொடர் பெரும்பாலும் ரஷ்ய மொழியில் வந்தது. உக்ரைன் மொழியை வீட்டில் பேசுகிறவருக்கும் அது விளங்கும். நாட்டின் கிழக்கும் மேற்கும் ஒரே நாடகத்தைப் பார்த்துச் சிரித்தன.

இங்கே என் மாடிக் கட்டடத்தையே எடுங்கள். இரவு ஏழரைக்குக் கீழ்வீட்டில் சிங்கள டெலிநாடகம், எங்கள் வீட்டில் சென்னைச் சீரியல். நடுவில் ஒரு கொங்கிறீட் தளம்தான். கீழ்வீட்டு அக்கா தினமும் கண்ணீர் விடும் கதாநாயகியை மாடியில் ஒருவருக்கும் தெரியாது. 2019 இன்னும் வேடிக்கை. அந்த ஆண்டு நடுப்பகுதி முழுக்கக் கொழும்புத் தமிழ் வீடுகளில் பேச்செல்லாம் பிக் பாஸ் வீட்டுக்குள் போன லொஸ்லியாவையும் தர்ஷனையும் பற்றித்தான். நம் ஊர்ப் பிள்ளைகள், அதிலும் லொஸ்லியா சக்தி டிவியில் செய்தி வாசித்தவர். நவம்பரில் ஜனாதிபதித் தேர்தல் வந்தது. சிங்கள வாக்காளர்களில் எத்தனை பேருக்கு அந்த இரண்டு பெயர்களும் தெரிந்திருக்கும்? முதலாளி கேட்டது இதைத்தான்.

'சிங்கள வாக்கு மட்டும் போதாதா?' என்று யாராவது கேட்கலாம். போதும் என்பதற்கு அதே 2019 சாட்சி. கோட்டாபய ராஜபக்ச வடக்கு கிழக்கில் படுதோல்வி கண்டும் 52.25 வீதத்தோடு வென்றார். ஆனால் சிங்கள வாக்காளர்களில் மிகப் பெரிய பங்கு ஒரே பக்கம் திரண்டதால்தான் அது நடந்தது. டெலிநாடக ரசிகர்கள் அப்படித் திரளுவார்களா? என்னால் நம்ப முடியவில்லை.

சரி, 'நடிகர்கள் இங்கே பாராளுமன்றம் போகவில்லையா?' என்ற கேள்வியும் வரும். போனார்கள். 'பபா' நாடகத்தால் வீட்டுக்கு வீடு தெரிந்த உபேக்ஷா சுவர்ணமாலி 2010இல் கம்பஹாவில் ஐக்கிய தேசியக் கட்சியில் நின்று வென்றார். எம்பியான பிறகும் சனங்களுக்கு அவர் பபாதான். ரஞ்சன் ராமநாயக்க, கீதா குமாரசிங்க, அதற்கு முன்பு காமினி பொன்சேகா என்று பட்டியல் நீளும். ஆனால் அந்தத் தேர்தலின் கணக்கே வேறு. பொதுத் தேர்தலில் கட்சிக்கு ஒரு புள்ளடி, பிறகு மூன்று பேருக்கு விருப்பு வாக்கு. கட்சிக்காரர் ஒருவர் இரண்டு விருப்பு வாக்கைத் தன் தொகுதி ஆட்களுக்குக் கொடுத்துவிட்டு, மூன்றாவதை 'சரி, நம்ம பபாவுக்கும் ஒன்று' என்று போடலாம். கைக்காசு போகாத அன்பு அது. ஜனாதிபதித் தேர்தலில் எண்ணப்படும் முதல் வாக்கு ஒன்றே ஒன்று. அதை எரிபொருள் விலையையும் பிள்ளையின் பள்ளிக்கூடத்தையும் நினைத்துத்தான் போடுவார்கள்.

இரண்டாம் மூன்றாம் விருப்பு ஜனாதிபதித் தேர்தலிலும் உண்டு, உண்மை. ஒருவருக்கும் 50 வீதத்துக்கு மேல் கிடைக்காவிட்டால் முதல் இரண்டு பேரைத் தவிர மற்றவர்கள் வெளியே. அவர்களுடைய வாக்குச் சீட்டுகளில் அந்த இருவருக்குப் போட்ட விருப்புகளை மட்டும் எண்ணுவார்கள். ஊருக்கே 'இரண்டாவது பிடித்தவர்' என்ற பெயர் எடுத்த டிவி முகம் மூன்றாம் இடத்தில் நின்றால், அத்தனை இரண்டாம் விருப்பும் வீண். குவாத்தமாலாவின் நகைச்சுவை நடிகர் ஜிம்மி மொராலெஸ், ஊழல் விவகாரத்தில் ஜனாதிபதி பதவி விலகிய 2015இல், 'ஊழல்காரனுமில்லை, திருடனுமில்லை' என்ற ஒரு வரியோடு இரண்டாம் சுற்றில் 67 வீதம் எடுத்தார். அங்கே இரண்டு சுற்றுக்கும் நடுவில் வாரக்கணக்கில் அவகாசம் இருந்தது. நமக்கு எல்லாமே ஒரே நாள், ஒரே சீட்டு.

மூன்றாவது வகை சனல் சொந்தக்காரர். இத்தாலியில் பெர்லுஸ்கோனி 1994 ஜனவரியில் அரசியலுக்கு வருவதாக அறிவித்து, மார்ச் தேர்தலில் வென்று பிரதமரானார். மூன்று தேசிய சனல்கள் கையில் இருந்தன, அது தெரிந்த கதை. தெரியாத பாதி என்னவென்றால், அவருடைய விளம்பர நிறுவனத்தின் விற்பனை ஆட்கள்தான் ஊர் ஊராக வேட்பாளர்களைத் தேடிப் பிடித்துக் கட்சியைக் கட்டினார்கள். இங்கே 2024இல் தெரண தொலைக்காட்சியின் உரிமையாளர் திலித் ஜயவீர ஜனாதிபதித் தேர்தலில் நின்றார். சனல் உண்டு, பணம் உண்டு, விளம்பரத் தொழிலில் அனுபவமும் உண்டு. கிடைத்தது ஒரு வீதத்துக்கும் குறைவு. அதே தேர்தலில் தமிழ்ப் பொது வேட்பாளராக நின்ற அரியநேத்திரன், சனலும் இல்லாமல் கட்டவுட்டும் இல்லாமல், அவரைவிட அதிகமாக எடுத்தார்.

இதற்கெல்லாம் எதிர்ப்பக்கத்தில் வைக்க வேண்டியவர் அநுர குமார திசாநாயக்க. 2019இல் அவருக்கு 3.16 வீதம். நடுவில் 2022 வந்தது: எரிவாயு வரிசை, மின்வெட்டு, காலி முகத்திடல் போராட்டம், ஓடிப்போன ஜனாதிபதி. பழைய கட்சிகள் எல்லாவற்றிலும் நம்பிக்கை போன அந்த நேரம், உக்ரைனையும் குவாத்தமாலாவையும் வைத்துப் பார்த்தால், ஒரு டிவி முகத்துக்கே எழுதி வைத்த நேரம். சொல்லும்படியாக ஒருவரும் வந்து நிற்கவில்லை. இடம் காலியாகவும் இருக்கவில்லை. கிராமத்துக்குக் கிராமம் கிளை வைத்து, தோற்றாலும் கூட்டம் போட்டுக்கொண்டிருந்த அநுரவின் கட்சி அங்கே ஏற்கனவே நின்றது. 2024இல் முதல் எண்ணிக்கையில் 42.31 வீதம், பிறகு ஜனாதிபதி. அவரும் டிவியில் நன்றாகக் கதைப்பவர்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் டிவி அவரை உருவாக்கவில்லை.

படியேறிப் போன நடிகர்கள் தனி வகை. ரேகன் டிவி நிகழ்ச்சி நடத்தி, கலிபோர்னியாவில் இரண்டு தடவை ஆளுநராக இருந்து, அதன் பிறகே 1980இல் வென்றார். பிலிப்பைன்ஸின் எஸ்ட்ராடா மேயர், செனட்டர், துணை ஜனாதிபதி என்று ஏறி 1998இல். நம் நாட்டில் இந்த வழியில் உண்மையாகவே போயிருக்கக்கூடியவர் என்று எனக்குத் தோன்றுகிறவர் ஒருவரே: விஜய குமாரதுங்க. அவர் சினிமா நட்சத்திரம், டிவிக் காலத்துக்கு முந்திய ஆள். ஆனாலும் சொல்லாமல் விட முடியாது. சொந்தக் கட்சி வைத்திருந்தார், 1986இல் யுத்தத்துக்கு நடுவில் யாழ்ப்பாணம் போய்ப் புலிகளோடு பேசினார். சிங்களம், தமிழ் என்று தளத்தின் இரு பக்கமும் தெரிந்த ஒரே முகம். 1988 பெப்ரவரி 16 அன்று பொல்ஹேன்கொடையில் தன் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு டிசம்பரில் அவருடைய கூட்டணி நிறுத்திய வேட்பாளருக்கு 5 வீதமும் கிடைக்கவில்லை. நட்சத்திரத்தின் வாக்கு அவரோடேயே போய்விட்டது.

அப்படியென்றால் நாளைக்கே ஒரு டிவி முகம் இறங்கினால் யாருக்கு வாய்ப்பு அதிகம்? நடிகரைவிட, சனலின் சொந்தக்காரரைவிட, தினமும் இரவில் அரசியல்வாதிகளை உட்கார வைத்துக் குறுக்குக் கேள்வி கேட்கும் சிங்கள நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஒருவருக்கே நான் பந்தயம் கட்டுவேன். அவருக்குக் கோபப்படத் தெரியும், பொருளாதாரம் கொஞ்சம் விளங்கும். தமிழும் ஓரளவு கதைத்தால் இன்னும் நல்லது.

அவர் செய்ய வேண்டிய முதல் வேலை கமராவுக்கு முன்னால் இல்லை. ஒருமுறையாவது மக்கள் வாக்கால் எம்பியாக இருந்தவர் மட்டுமே சுயேச்சையாக நிற்கலாம். மற்றவருக்கு அங்கீகரிக்கப்பட்ட கட்சி ஒன்று வேட்புமனு கொடுக்க வேண்டும். 2024இல் கட்டுப்பணம் 50,000 ரூபாய்தான், சுயேச்சை என்றால் 75,000. காசு பெரிய விஷயமில்லை, கட்சிதான் விஷயம். 2010இல் சரத் பொன்சேகாவும் 2015இல் மைத்திரிபாலவும் அன்னம் சின்னத்தில் நின்றது ஞாபகம் இருக்கலாம். அன்னம் அவர்கள் இருவருடையதும் இல்லை. பின்னால் பெரிய கட்சிகள் நின்றன, சின்னம் மட்டும் வேறொரு சின்னக் கட்சியிடமிருந்து வந்தது.

அடுத்த முறை சலூனுக்குப் போனபோது அந்தத் தம்பி மறுபடியும் இருந்தார். 'சிங்கள டிவியில் நிகழ்ச்சி நடத்துகிற மூன்று பேரின் பெயரைச் சொல்லுங்கள் பார்ப்போம்' என்றேன். ஒன்று சொன்னார். இரண்டாவதுக்கு யோசித்துக்கொண்டிருக்கும்போதே முதலாளி அவரைக் கதிரைக்குக் கூப்பிட்டுவிட்டார்.