ஒரே பக்க அக்ரிமெண்ட் போட்டு துணி எடுக்குற லாண்ட்ரி - 4 ஸ்டார்

பாண்டில சின்ன கெஸ்ட் ஹவுஸ் நடத்துறவங்களுக்காக எழுதுறேன், வீட்டுத் துணி போடுறவங்களுக்கு இது அவ்ளோ யூஸ் ஆகாது. வெளுப்பு நல்லாருக்கு, மடிப்பு சுமார்.

நான் இவங்கள விடாததுக்கு காரணம் அந்த ஒரு பக்க அக்ரிமெண்ட்தான், அதுவும் தமிழ்ல. இதுக்கு முன்னாடி ஒருத்தர்ட்ட வாய்ப்பேச்சுல குடுத்துட்டிருந்தேன், எதக் கேட்டாலும் "பாத்துக்கலாம் சார்", டவல் குறையுதேன்னா "நீங்க குடுத்ததே அவ்ளோதான் சார்", நியூ இயருக்கு பீச் ரோடே நிரம்பி வழியுது, ரூமெல்லாம் ஃபுல், அன்னிக்குன்னு பாத்து வண்டி வரல, போன் ஸ்விட்ச் ஆஃப். எத காட்டி சண்ட போடுறது?

இவங்க வாசல்லயே எண்ணி கார்பன் புக்ல ரெண்டு பேர் கையெழுத்தும் வாங்கிட்டுதான் மூட்டைய கட்டுவாங்க, கிழிசல் இருந்தா அதே வரில அப்பவே குறிச்சிடுவாங்க. தொலைச்சா ஒரு வருஷத்துக்குள்ள வாங்குனதுக்கு முழு விலை, பழசுக்கு பாதி. மசாஜ் எண்ணெய், துருக் கறை போகலன்னா அவங்க பொறுப்பில்லையாம், எனக்கு நஷ்டம்தான், ஆனா முன்னாடியே தெரிஞ்சதால ரூமுக்கு பழைய டவல் தனியா வச்சிடுறேன். சீசன்ல வண்டி வராம நான் வெளில போட்டா கூடுதல் செலவ அவங்க பில்லுல கழிச்சுக்கலாம். ரேட் "மார்க்கெட் நிலவரப்படி மாறும்"னு ஒரு வழவழா வரி இருந்துச்சு, அத அடிச்சிட்டு 30 நாள் முன்னாடி எழுத்துல சொல்லணும்னு கேட்டேன், முணுமுணுக்காம மாத்துனாங்க.

பில் பணத்த நான் கட்ட 30 நாள் டைம். உத்யம் நம்பரும் (சின்ன தொழில்னு அரசாங்கத்துல பதிவு பண்ண நம்பர்) போட்டிருக்காங்க, அது சும்மா அலங்காரத்துக்கு இல்ல, 2006 எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர தொழில்) சட்டப்படி இந்த மாதிரி சின்ன கம்பெனிக்கு எழுத்துல கெடு இருந்தா அதிகபட்சம் 45 நாள், எழுத்தே இல்லன்னா 15 நாள்தான், தாண்டுனா ரிசர்வ் பேங்க் சொல்ற பேங்க் ரேட்டுல மூணு மடங்கு, அதுவும் மாசா மாசம் கூட்டு வட்டி. கெடுவும் தாண்டி மார்ச் 31க்குள்ளயும் குடுக்கலன்னா என் வருமான வரி கணக்குல அத அந்த வருஷ செலவா கழிக்க முடியாதுன்னு ஆடிட்டர் வேற வயித்துல புளிய கரைக்குறாரு.

ஒரு ஸ்டார் ஏன் கொறச்சேன்னா பிக்கப் காலைல 7 மணிக்கு, நம்ம செக் அவுட்டோ 11 மணி, அன்னிக்கு துணி மறுநாள்தான் போகும். சேர்றவங்க கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி சாயந்தரம் பிக்கப்னு எழுதி வாங்கிடுங்க.