போர்க்காலக் கட்டுப்பாடு: கல்லாவில் உட்கார்ந்தவர் பக்கமிருந்து ஒரு மதிப்பீடு

இரண்டாம் உலகப்போர் தொடங்கிய 1939 முதல், போர் முடிந்து சில ஆண்டுகள் வரைக்கும், இந்தியாவில் கடை வைத்திருந்தவர்கள் அரசு ஆணைகளுக்கு நடுவேதான் வியாபாரம் செய்தார்கள். என்ன விலைக்கு விற்பது, யாரிடம் வாங்குவது, எவ்வளவு இருப்பு வைப்பது என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் உத்தரவு வந்தது. இதை மக்களுக்கு நன்மையா தீமையா என்று பேசுபவர்கள் நிறைய. வியாபாரி தினமும் பயன்படுத்தியே ஆகவேண்டிய ஓர் அரசு சேவையாக எடுத்துக்கொண்டு, எந்தப் பகுதி ஓடியது, எது முதல் மாதத்திலேயே படுத்தது, ஏன் என்று இங்கே பார்க்கலாம். ரேஷன் கடை ஏற்பாடு பாஸ். துணி முத்திரை, ஓட்டைகளோடு பாஸ். சரக்கைக் கையில் வைத்துக்கொள்ளாமல் விலையை மட்டும் கட்டிய உத்தரவுகள் முழுத் தோல்வி.

சட்ட அடிப்படை ஒன்றுதான். 1939-இன் இந்தியப் பாதுகாப்புச் சட்டமும் அதன் விதிகளும், குறிப்பாக 81-ஆவது விதி, உற்பத்தி முதல் சில்லறை விலை வரை எதையும் ஆணை மூலம் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்தன. மாகாண அரசுகளுக்கும் அந்த அதிகாரம் பிரித்துத் தரப்பட்டது. அதிகாரம் இருந்தது, சரக்கு இல்லை; தொடக்கக் கோளாறுகள் பெரும்பாலும் இதில்தான் கிளைத்தன.

கோதுமையை எடுத்துக்கொள்ளுங்கள். 1941 டிசம்பரில் வட இந்தியக் கோதுமைச் சந்தைகளான லயால்பூர், ஹாப்பூருக்கு மணு ஒன்றுக்கு 4 ரூபாய் 6 அணா (ரூபாய்க்கு 16 அணா) என்று உச்ச விலை வைத்தார்கள். (இது நம் பக்கத்துச் சிறிய மணங்கு அல்ல, 40 சேர் கொண்ட வடக்கத்தி மணு, சுமார் 37 கிலோ.) அகில இந்திய அளவில் உச்ச விலை வந்தது அப்போது கோதுமைக்கு மட்டும்தான். மற்ற தானியங்களின் விலை தன் போக்கில் ஏறிக்கொண்டிருக்க, கோதுமை வைத்திருந்த விவசாயி ஏன் விற்கப் போகிறார்? வீட்டுக் குதிரில் வைத்துக்கொண்டார். சந்தைக்கு வரத்து நின்றது. மொத்த வியாபாரிக்கு மூன்று வழிகள் இருந்தன: கட்டுப்பாட்டு விலை சொல்லி வெறும் கையோடு திரும்புவது, மேல்காசு கொடுத்து வாங்கிப் பில்லில் மறைப்பது, கடையை மூடுவது. நேர்மையாக இருந்தவருக்கு முதலாவதும் மூன்றாவதும்தான் மிஞ்சின. 1943 ஜனவரியில் அந்த உச்ச விலையையே எடுத்துவிட்டார்கள். விலைப் பலகை மாட்டினால் சரக்கு தானாக வந்துவிடாது என்பதை ஓர் ஆண்டுக்கு மேல் செலவழித்துக் கற்றிருக்கிறார்கள். அந்த ஓர் ஆண்டில் கள்ளச்சந்தைக்கு வழியும் ஆளும் அமைந்துவிட்டன.

அரிசியில் நிலைமை இன்னும் கடுமை. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்ததும், ஆண்டுக்குச் சுமார் 15 லட்சம் டன் வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றது. ஒவ்வொரு மாகாணமும் தன் எல்லையை அடைத்துக்கொண்டது. வெளி மாகாணத்துக்கு முன்பணம் கொடுத்து ஒப்பந்தம் போட்டிருந்த வியாபாரிக்குச் சரக்கு ஒரு பக்கம், பெர்மிட் மறுபக்கம். பெர்மிட் கிடைத்தாலும் ரயில் வேகன் ராணுவத்துக்குத்தான் முதலில் போகும். வேகன் இல்லாத பெர்மிட்டை நம்பி மூட்டைகளை ஸ்டேஷனில் இறக்கி வைத்தால் மழையும் எலியும் பார்த்துக்கொள்ளும். வங்காளக் கரையோரத்தில் 10 பேருக்கு மேல் ஏறக்கூடிய படகுகளை எதிரி கையில் சிக்காதபடி அகற்றியபோது, ஆற்று வழியே நெல்லும் மண்பாண்டமும் கொண்டுபோய் விற்ற சிறு வியாபாரிகளின் தொழில் அப்படியே நின்றது. 1943 வங்காளப் பஞ்சத்தின் காரணங்களில் இந்த அடைப்புகளும் சேர்கின்றன. வியாபாரிகளின் பதுக்கலை மட்டும் குற்றம் சொல்லி இந்தப் பக்கத்தை விட்டுவிடுவது நியாயமில்லை. பதுக்கல் நடந்ததும் உண்மை, அதையும் மறைக்க வேண்டியதில்லை.

லைசென்ஸ் முறை 1942-இன் உணவு தானியக் கட்டுப்பாட்டு ஆணையோடு வந்தது. மொத்த வியாபாரம் செய்பவர் லைசென்ஸ் எடுத்து, இருப்பு, கொள்முதல், விற்பனைக் கணக்கை அரசுக்கு அனுப்ப வேண்டும். யோசனை சரியானதுதான், யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் எதையும் பங்கிட முடியாது. ஆனால் அந்தக் கணக்கைச் சரிபார்க்கப் போதிய ஆள் இல்லாத இடங்களில், ஒழுங்காக எழுதிக் கொடுத்தவரின் இருப்பைத்தான் அரசு முதலில் எடுத்தது. எழுதாதவர் தப்பினார். இந்த அனுபவம் அடுத்த மாதக் கணக்கில் தெரியாமல் இருக்குமா?

இனி துணி. இந்தத் திட்டம் ஓரளவு புத்தியோடு செய்யப்பட்டது, அதனால் விரிவாகப் பார்க்கத் தகுந்தது.

1943 நடுவில் மில் துணி விலை போருக்கு முந்தையதைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு ஆகியிருந்தது. அந்த ஜூன் மாதம் பருத்தித் துணி, நூல் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. கோதுமையில் செய்த தவறை இங்கே செய்யவில்லை: விலையை மில் வாசலிலேயே பிடித்தார்கள். நூற்றுக்கணக்கில் இருக்கும் மில்களைக் கண்காணிக்கலாம், லட்சக்கணக்கான விவசாயிகளை முடியாது. துணியின் மேலேயே மில் விலை, சில்லறை உச்ச விலை, தயாரித்த மாதம் மூன்றையும் முத்திரை குத்தினார்கள். மாதம் குத்தியது முக்கியமான வேலை. குறிப்பிட்ட காலத்துக்குள் விற்றாக வேண்டும் என்ற விதி அதனோடு சேர்ந்ததால், பழைய தேதி போட்ட துணி கடையில் கிடந்தாலே பதுக்கல் என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். முத்திரை இல்லாத பழைய இருப்புக்கும் கெடு வைத்தார்கள். கிடங்குகளில் இருந்த சிப்பங்கள் வெளியே வந்தன, விலை இறங்கியது. வாங்க வந்தவருக்கும் விலையைக் கேட்க வேண்டிய அவசியமில்லை, துணியைப் புரட்டினால் போதும்.

பிரச்சினை நடுவில் இருந்தது. மில் விலைக்கும் சில்லறை விலைக்கும் இடையே 20 சதவீதம். மில் விலை கஜம் 10 அணா என்றால் கடையில் 12 அணா. அந்த 2 அணாவுக்குள் மொத்த வியாபாரி, வண்டிக்கூலி, கடை வாடகை, வட்டி எல்லாம் அடங்க வேண்டும். மில்லிலிருந்து ஒரே கை மாறிக் கடைக்கு வந்தால் அடங்கும். நடுவில் இரண்டு மூன்று கை புகுந்தால் அடங்காது. அப்போது மொத்த வியாபாரி 11 அணாவுக்குப் பில் எழுதி, மேலே ஓர் அணா ரொக்கமாக வாங்குவார். சில்லறைக் கடைக்காரரின் புத்தகத்தில் கஜத்துக்கு ஓர் அணா லாபம், கையில் பூஜ்யம். அவர் முத்திரை விலைக்கு விற்றால் நஷ்டம், மேலே விற்றால் ஜெயில். ஒவ்வொரு கைக்கும் தனித்தனி வரம்பும், எத்தனை கை மாறலாம் என்ற எல்லையும் முதல் நாளிலிருந்தே கறாராக இருந்திருக்க வேண்டும்.

கோட்டா இன்னொரு முள். முந்தைய ஆண்டுகளில் மில்லிடம் வாங்கியவருக்கே பங்கு என்பதால் புதிதாகக் கடை போட்டவருக்கு இடமில்லை. வியாபாரத்தையே குறைத்துக்கொண்ட பழைய ஆள், வந்த பங்கை நின்ற இடத்திலேயே கைமாற்றிக் காசு பார்த்தார். கோட்டாச் சிப்பத்தைப் பிரித்தால் ஓடுகிற ரகமும் இருக்கும், ஓடாத ரகமும் இருக்கும். தேர்ந்து வாங்குவதுதான் ஜவுளிக்காரரின் திறமை, அது போயிற்று.

நூலில் கதை வேறு, தமிழ்நாட்டுக்கு நெருக்கமானது. கோயம்புத்தூர் மில்கள் பெரும்பாலும் நூற்பு மில்கள். சேலம், மதுரை, காஞ்சிபுரம் பக்கத்துத் தறிகள் அப்படி வரும் நூலை நம்பி ஓடின. நூல் 10 பவுண்டு கட்டாக வரும். 20-ஆம் நம்பர் நூல் (பவுண்டுக்கு 20 சிட்டம், அதாவது 20 நூல் சுருள்) என்றால் ஒரு கட்டில் 200 சிட்டம், சிட்டத்துக்கு 840 கஜம். கட்டுக்கு விலை வைக்கலாம், முத்திரை போடலாம். ஆனால் ஏழை நெசவாளி கட்டாகவா வாங்குவார்? நாலு சிட்டம், பத்து சிட்டம் என்றுதான் வாங்குவார். கட்டைப் பிரித்த அந்த நிமிடமே முத்திரை ஒரு பக்கம், நூல் ஒரு பக்கம். அதன் பிறகு அது எந்த விலைக்கு உரிய நூல் என்று யாரும் நிரூபிக்க முடியாது. கைத்தறித் துணிக்கு மில் துணி போலக் கறாரான விலை இல்லாததால் நூலுக்கு அதிக விலை கொடுக்க ஆளும் இருந்தது. கூட்டுறவுச் சங்கங்கள் வழியே நேராகத் தறிக்காரர் கைக்கு நூல் போன இடங்களில் இந்த ஓட்டை சிறிதாயிற்று. அதை எல்லா ஊருக்கும் முதலிலேயே செய்திருக்கலாம்.

ரேஷன் கடைக்கு வருவோம். 1943-இல் உணவு தானியக் கொள்கைக் குழு பெரிய நகரங்களில் ரேஷன் வைக்கவும், வயது வந்தவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் தரவும் பரிந்துரைத்தது. பம்பாயில் அதற்கு முன்பே, அந்த ஆண்டு மே மாதம், தொடங்கிவிட்டது. இங்கே அரசே தானியத்தைக் கையில் வைத்திருந்தது, பதிவான அட்டைகளின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கடைக்குக் கொடுத்தது. சில்லறை வியாபாரிக்கு வாடிக்கையும் நிச்சயம், வரத்தும் நிச்சயம், எடைக்கு இவ்வளவு என்று கமிஷனும் நிச்சயம். சூதாட்டம் இல்லாத வியாபாரம். லாபம் குறைவு, ஆனால் இரவில் தூக்கம் வரும்.

அதிலும் கவனிக்க வேண்டியது சேதாரம். 1,000 பேர் பதிந்த கடைக்கு வாரம் 7,000 பவுண்டு. கோணி ஓட்டை, சிந்தல், ஈரம் காய்தல், ஒவ்வொரு நிறுவையிலும் தராசுத் தட்டு துளி தாழ்தல் எல்லாம் சேர்ந்து ஒரு சதவீதம் போனாலும் 70 பவுண்டு, அதாவது பத்துப் பேரின் ஒரு வார ரேஷன். சேதாரத்துக்கு ஒதுக்கீடு போதாவிட்டால் கடைக்காரர் அதை எங்கிருந்து எடுப்பார்? ஒன்று நிறுவையில், இல்லையென்றால் இறந்தவர், ஊர் மாறியவர் பெயரில் உயிரோடு இருக்கும் அட்டையில். எடை குறைகிறது என்று புகார் வந்த கடையில் முதலில் பார்க்க வேண்டியது, மூட்டை வந்து இறங்கியபோது நிறுத்துக் கொடுத்தார்களா என்பதை. மேலே நிறுக்காமல் கீழே சரியான நிறையை எதிர்பார்ப்பது நடக்காது.

1946 தொடக்கத்தில் ரேஷனை ஒரு பவுண்டிலிருந்து 12 அவுன்ஸாக (முக்கால் பவுண்டு) குறைத்தபோது அதே 1,000 பேருக்கு 5,250 பவுண்டு ஆனது. எடைக்குக் கமிஷன் வாங்குபவரின் வருமானத்தில் கால் பங்கு போயிற்று. வாடகையும் நிறுப்பவர் கூலியும் குறையவில்லை. வரிசையில் நின்றவர்களின் எண்ணிக்கையும் குறையவில்லை. அட்டைக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகை சேர்த்திருந்தால் நல்ல கடைக்காரர்கள் நிலைத்திருப்பார்கள்.

சில்லறைத் தட்டுப்பாட்டையும் சொல்ல வேண்டும். நாணயங்கள் புழக்கத்திலிருந்து மறைந்த நேரத்தில், தம்பிடி (அணாவில் பன்னிரண்டில் ஒரு பங்கு) வரைக்கும் கணக்கிட்ட உச்ச விலைகளை வைத்தார்கள். மீதி கொடுக்க முடியாத கடைக்காரர் துண்டுச்சீட்டோ தபால் தலையோ நீட்டினார். 1943-இல் செம்பை மிச்சம் பிடிக்க ஓட்டைக் காலணா அடித்தார்கள். பாதி அணாவுக்கு முழுமைப்படுத்திய விலைகள் பல சண்டைகளைத் தவிர்த்திருக்கும். பெரிய வியாபாரிகளுக்கு மிகுலாப வரி (வழக்கமான லாபத்துக்கு மேல் போரில் வந்த லாபத்தின் மீது போட்டது): 1940-இல் 50 சதவீதம், 1941-இல் அது 66⅔. போரில் கிடைத்த கொள்ளை லாபத்தில் அரசு பங்கு கேட்டது சரியே. பில்லுக்கு வெளியே வாங்கிய ரொக்கத்தை அந்த வரி தொடவில்லை என்பதுதான் குறை.

கட்டுப்பாட்டை நீக்கிய விதமும் சேவையின் ஒரு பகுதிதான், அதில் மதிப்பெண் குறைவு. 1947 டிசம்பரில் உணவுக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்கள், அடுத்துத் துணியையும். விலை எகிறியது, 1948-இல் இரண்டையும் திரும்பக் கொண்டுவந்தார்கள். இந்த இடைவெளியில் இருப்பு வைத்திருந்தவருக்கு யோகம், விதியை நம்பி இருப்பைக் காலி செய்தவருக்கு நஷ்டம். சென்னை மாகாணத்தில் 1952 ஜூனில் ராஜாஜி தானியக் கட்டுப்பாட்டை நீக்கியபோது, பல கடைக்காரர்கள் ஆண்டுக்கணக்கில் சொந்தமாகக் கொள்முதலே செய்திருக்கவில்லை. எந்த ஊரில் எந்த ரகம், யார் கடன் கொடுப்பார், யார் சொன்ன வார்த்தை நிற்கும் என்று அவர்கள் முதலிலிருந்து தேட வேண்டியதாயிற்று.