அட்டிக்ல அணில்: கூண்டா, ஒன்வே டோரா?

டொரோண்டோ பக்கம் வீடு இருக்கறவங்களுக்கு இது தெரிஞ்ச கதைதான், விடியக்காலைல தலைக்கு மேல தடதடன்னு ஓடுற சத்தம், கூரைக்கு அடில இருக்கற அட்டிக்ல ஏறிப் பார்த்தா, குளிருக்குப் போட்டிருக்கற இன்சுலேஷனை அணில் பிச்சு உருண்டையா கூடு கட்டி வச்சிருக்கும். நம்மூர்ல பார்க்கற முதுகுல கோடு போட்ட குட்டி அணில் இல்ல, கறுப்பாவோ சாம்பலாவோ இருக்கற பெரிய ஜாதி.

கூண்டு வைக்கறது ஈஸி, கொஞ்சம் பீனட் பட்டர் தடவினா போதும். ஆனா மாட்டினதும் கம்பில முட்டி முட்டி மூக்கெல்லாம் ரத்தமாக்கிக்கும், பார்க்கவே மனசு கேக்கல. அதோட டொரோண்டோ இருக்கற ஒண்டாரியோ மாகாணச் சட்டப்படி பிடிச்ச இடத்துலேர்ந்து 1 கிலோமீட்டருக்குள்ளதான் விடணும், ஓட்டையை அடைக்கலைன்னா அது நேரா திரும்பி வந்துடும்.

ஒன்வே டோர் அப்படி இல்ல, அணில் வந்துபோற ஓட்டைல மாட்டிட்டா தள்ளிட்டு வெளிய போகலாம், உள்ள வர முடியாது, மத்த ஓட்டையெல்லாம் முன்னாடியே கெட்டியான கம்பிவலை போட்டு அடைச்சிருக்கணும். என் ஓட்டு இதுக்குத்தான்.

ஆனா ஒண்ணு, எந்த வழியா இருந்தாலும் முதல்ல குட்டி இருக்கான்னு பாருங்க. வசந்தத்துல ஒரு தடவ, கோடை கடைசில ஒரு தடவ போடும், தாயைப் பிரிச்சா அதுங்க உள்ளயே பட்டினில செத்துடும். குட்டி இருந்தா 8-10 வாரம் பொறுத்துக்கங்க, இல்லன்னா விவரம் தெரிஞ்ச ஆளைக் கூப்பிட்டு குட்டிகளை சூடான பெட்டில வச்சு ஓட்டைக்கு வெளிய பக்கத்துலயே வைக்கச் சொல்லுங்க, தாய் ஒவ்வொண்ணா வாயில கவ்வும், குட்டி தாயோட கழுத்தைச் சுத்தி மாலை மாதிரி சுருண்டுக்கும், அப்படியே வேற கூட்டுக்குத் தூக்கிட்டுப் போயிடும்.